முகப்புக்கு முன் மாடிப்படி: பாழடைந்த நகர மையக் கட்டடங்கள் மீண்டும் புழக்கத்துக்கு வரும் வழி

பழைய நகர மையத்தின் கடைத்தெருவில் நடப்பவரின் கண் தரைத்தளத்தோடு நின்றுவிடும். துணிக்கடை, மருந்துக்கடை, செல்போன் கடை எல்லாம் திறந்திருக்கும். தெரு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். தலையைத் தூக்கிப் பார்த்தால் கதை வேறு. முதல் மாடிச் சன்னலில் கண்ணாடிக்குப் பதில் தகரம் அடித்திருக்கும். அதற்கு மேல் சுவர் விரிசலில் செடி முளைத்திருக்கும். தரையோடு சேர்த்து மூன்று தளம் உள்ள கட்டடத்தில் சம்பாதிப்பது ஒரு தளம். அந்த ஒரு தளத்து வாடகையில்தான் மூன்று தளத்துக்கும் மேலே உள்ள கூரையைப் பராமரிக்க வேண்டும். முடியாது. அங்கிருந்துதான் சிதைவு தொடங்குகிறது.

இப்படிப்பட்ட தெருவுக்குப் பணம் வந்தால் அது பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் முகப்பு. வண்ணம், அலங்கார விளக்கு, நடைபாதைக் கல், ஒரே அளவில் பெயர்ப் பலகைகள். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஐந்து வருடத்தில் வண்ணம் உரியும்போது மாடி அப்படியே பூட்டித்தான் இருக்கும். முகப்பு வேலை வீண் என்பதல்ல, அதன் முறை கடைசி. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: தெருவிலிருந்து மாடிக்கு எப்படிப் போவது?

படிக்கட்டு எங்கே போனது?

பழைய கடைவீதி மனை குறுகலானது, ஆழமானது. அகலம் 5 முதல் 6 மீட்டர், ஆழம் 25 முதல் 30 மீட்டர் என்பது உலகின் பல நகரங்களில் பார்க்கக்கூடிய அளவு. கட்டியபோது கீழே கடை, மேலே கடைக்காரர் குடும்பம். தெருவிலிருந்து மாடிக்குத் தனிப் படிக்கட்டு இருந்தது. குடும்பம் புறநகருக்குப் போனதும், கடையை வாடகைக்கு எடுத்தவர் முழு முகப்பையும் கேட்டார். படிக்கட்டை இடித்துக் காட்சிக் கண்ணாடி வைத்தார்கள். இப்போது மாடிக்குப் போக வேண்டுமானால் கடைக்குள் நுழைந்து, சரக்கு மூட்டைகளைத் தாண்டி, பின்கட்டு ஏணிப்படியில் ஏற வேண்டும். கடை மூடினால் மாடியும் மூடியது போலத்தான். இப்படிப்பட்ட மாடியை யாருக்கு வாடகைக்கு விட முடியும்?

படிக்கட்டைத் திரும்பக் கொண்டுவருவது எளிதாகத் தோன்றும், கணக்கு போட்டுப் பார்க்கும் வரை. 1.1 மீட்டர் அகலப் படி, அதைக் கடையிலிருந்து பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர், இரண்டும் சேர்த்தால் சுமார் 1.3 மீட்டர். 5.5 மீட்டர் முகப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும். தெருவைப் பார்த்த ஒவ்வோர் அடிக்கும் வாடகை கொடுக்கும் கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். பின்சந்து இருந்தால் பின்புறப் படி ஒரு வழி. ஆனால் சந்து இருட்டாகவும் குப்பைத்தொட்டி வரிசையாகவும் இருந்தால் அந்த வழியே வீட்டுக்கு வர யாரும் விரும்ப மாட்டார்கள். சந்துக்கு விளக்கும் வடிகாலும் போடுவது அப்போது கட்டட வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இன்னொரு வழி, அடுத்தடுத்த இரண்டு மூன்று கட்டடங்கள் ஒரே படிக்கட்டைப் பகிர்வது. நடுக் கட்டடத்தில் மட்டும் படியும், இடம் இருந்தால் லிப்டும். ஒவ்வொரு மாடியிலும் பொதுச்சுவரை வெட்டி வாசல். மூன்று முகப்பில் ஒன்றுதான் குறைகிறது, லிப்ட் செலவும் மூன்றாகப் பிரிகிறது. வெட்டும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சுவருக்குள் பழைய புகைபோக்கிக் குழல் ஓடுகிறதா என்று சிறு துளை போட்டுப் பார்க்க வேண்டும். குழலின் மேல் லிண்டலின் (வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டம்) முனை உட்கார்ந்தால் அடியில் ஒன்றுமில்லை. வாசல் அகலம் 1 மீட்டரைத் தாண்டாமல், லிண்டல் இரு பக்கமும் குறைந்தது 150 மி.மீ. சுவரில் உட்காரும்படி இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே மேல்சுவரைக் குறுக்குக் கட்டைகளாலும் முட்டுகளாலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் தரைமட்டம் 10 முதல் 40 செ.மீ. வரை ஏறி இறங்கியிருப்பது சாதாரணம். அதற்கு இரண்டு படி அல்லது சரிவு வைக்க இடம் விட வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சரிவுதான் சரி. பொதுச்சுவர் என்பது ஒரு வீட்டுத் தீ அடுத்ததற்குப் போகாமல் தடுக்கும் சுவரும்கூட. அதில் துளை போட்டால் தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு கட்டாயம்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு திட்டம் கவிழ்வது காகிதத்தில். நடுக் கட்டடத்துக்காரர் விற்றுவிட்டால், புது உரிமையாளர் வாசலை அடைக்கலாம். வழி உரிமை, பராமரிப்புச் செலவுப் பங்கு, லிப்ட் பழுதானால் யார் எத்தனை நாளில் சரிசெய்வது, எல்லாவற்றையும் சொத்தோடு ஒட்டிச் செல்லும் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். அண்ணன் தம்பிதானே, நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த தலைமுறை நீதிமன்றத்தில் நிற்கும்.

வெளிச்சம் எட்டும் தூரம்

பயன்பாட்டை முதலில் தீர்மானித்துவிட்டுக் கட்டடத்தை அதற்கு வளைப்பதுதான் மறுவடிவமைப்பில் அதிகம் நடக்கும் தவறு. ஆழமான கட்டடம் எதற்கு இடம் கொடுக்கும் என்பதை முதலில் சொல்வது வெளிச்சம். பகல் வெளிச்சம் சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பயனுள்ள அளவில் உள்ளே வரும். சன்னல் உச்சி 3 மீட்டர் என்றால் 6 முதல் 7.5 மீட்டர். முன்னும் பின்னும் சன்னல் உள்ள 28 மீட்டர் ஆழக் கட்டடத்தில் நடுவே குறைந்தது 13 மீட்டர் இருட்டு. அங்கே குளியலறை, படி, சரக்கறை வைக்கலாம். படுக்கையறை வைக்கக் கூடாது. அளவு கூடிப்போன இருட்டைப் பார்ட்டிஷன் போட்டு மறைத்து வாடகைக்கு விடுவது சில நகரங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த அறைகளில் குடியிருப்பவர் ஒருவரும் நிலைப்பதில்லை.

பழைய கட்டடம் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்தார்கள். சிங்கப்பூர், பினாங்குக் கடைவீடுகள் இதற்குத் தெளிவான உதாரணம். பிற்காலத்தில் அந்த முற்றத்தை ஷீட் போட்டு மூடி கிடங்காக்கியது பல இடங்களில் நடந்தது. மூடியதும் வெளிச்சம் மட்டும் போகவில்லை, சூடான காற்று மேலே போகும் வழியும் அடைபட்டது. சுவர் ஈரம் உலர்வது நின்றது. சிங்கப்பூரில் 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்து, இருப்பதை முடிந்தவரை வைத்துக்கொள்வது, கவனத்தோடு மீட்பது, பக்குவமாகப் பழுதுபார்ப்பது என்ற மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். முற்றத்தைத் திறப்பது இந்த வகை வேலையில் மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் ஒரே செயல். மழை உள்ளே விழுமே என்று பயந்து மறுபடி மூட நினைப்பவர்களுக்கு, திறந்த பக்கவாட்டோடு உயர்த்திப் போட்ட கண்ணாடிக் கூரை போதும்.

அலுவலகக் கோபுரங்களிலும் இதே கணக்குதான். ஏர் கண்டிஷனும் குழல்விளக்கும் பரவுவதற்கு முன் கட்டிய அலுவலகங்களில் மேசையில் உட்கார்ந்து எழுத வெளிச்சம் சன்னல் வழியேதான் வர வேண்டும். எனவே சன்னலிலிருந்து உள்தாழ்வாரம்வரை தூரம் குறைவு, தளத்தின் உயரம் அதிகம். அவை வீடாக எளிதில் மாறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரும் அலுவலகக் கட்டடங்களோ குழல்விளக்கை நம்பி நான்கு பக்கமும் அகன்றவை. நடுவில் என்ன வைப்பதென்று எந்த வடிவமைப்பாளருக்கும் தெரியாது.

லாஸ் ஏஞ்சலிஸ் பழைய வங்கித் தெரு இதைக் காட்டியது. ஸ்பிரிங் தெருவின் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மேற்கே புதுக் கோபுரங்களுக்குப் போனபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அந்தக் கட்டடங்களின் மேல்தளங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1999-ல் நகரம் கொண்டுவந்த மறுபயன்பாட்டு ஆணை பணம் எதுவும் கொடுக்கவில்லை. தடையாக இருந்த விதிகளைத் தளர்த்தியது. வீடாக மாற்றினால் புதிதாகக் கார் நிறுத்துமிடம் காட்ட வேண்டியதில்லை என்பது அதில் முக்கியமானது. மனை முழுக்கக் கட்டடம் நிற்கும் இடத்தில் நிறுத்துமிடம் கேட்பது, கட்டடத்தை இடி என்று சொல்வதற்குச் சமம். அந்த ஒரு வரி மாறியதும் ஆயிரக்கணக்கான வீடுகள் நகர மையத்துக்கு வந்தன. எந்த ஊரில் இந்த வேலையைத் தொடங்கினாலும், மானியம் தேடுவதற்கு முன் விதிநூலில் நிறுத்துமிடப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஈரம்

கைவிட்ட கட்டடத்தின் நோய்களில் முக்கால்வாசிக்கு மூலம் ஒன்றுதான்: தண்ணீர் வேண்டாத இடத்தில் இருப்பது. பார்க்க வேண்டிய வரிசை மேலிருந்து கீழ். முதலில் கூரை ஓடு, பிறகு கூரைப் பள்ளம், பிறகு மழைநீர்க் குழாய், கடைசியாகத் தரைமட்டம். மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் சுவரில் பச்சைப் பாசி நீளமாக இறங்கியிருந்தால் குழாய் பின்பக்கம் பிளந்திருக்கிறது. முன்பக்கம் நின்று பார்த்தால் தெரியாது, சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் நீட்டிப் பார்க்க வேண்டும்.

உத்தரக் கட்டைகள் கெடுவது நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்த முனையில். ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சுவரை ஒட்டிய இடத்தில் கட்டையின் அடிப்பக்கம் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். கெட்டது ரொட்டி போல உள்வாங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், கரையானும் தேடி வரும். முனை மட்டும் போயிருந்தால் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை வெட்டி, நல்ல மரத்தோடு இருபுறமும் எஃகுத் தகடு வைத்து போல்ட் முடுக்கி நீட்டிக்கலாம். ஆனால் ஈரத்தின் காரணத்தை நிறுத்தாமல் இதைச் செய்தால் புது மரமும் அதே வழியில் போகும்.

சுவருக்கு வருவோம். பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மையானது. சுவரில் ஏறும் ஈரம் செங்கற்களுக்கு இடையே உள்ள காரை இணைப்புகள் வழியே வெளியேறி ஆவியாகும். உப்பும் அங்கேயே பூத்து உதிரும். காரைதான் பலியாகிறது, செங்கல் பிழைக்கிறது. இந்த இணைப்பைச் சிமெண்டால் அடைத்தால் வழி மூடுகிறது. ஈரம் செங்கல் வழியே வெளியேறத் தொடங்கி, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, முகம் தட்டுத்தட்டாகக் கழன்று விழும். சில வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் கோடுகள் சட்டம்போல நீட்டிக்கொண்டு, நடுவில் செங்கல் குழிந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு, செங்கல் சரியில்லை என்று மேலும் சிமெண்ட் பூசுவது அடுத்த தவறு. பிளாஸ்டிக் வண்ணம் பூசுவதும் இதே குடும்பம். மணல் வீசிச் சுத்தம் செய்வது இன்னும் மோசம்: சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய், உள்ளே உள்ள மென்மண் வெளிப்படும், பிறகு ஒவ்வொரு மழையும் அதை அரிக்கும்.

இணைப்பை மறுபடி நிரப்ப, பழைய காரையை இணைப்பு அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் கையால் சுரண்ட வேண்டும், 10 மி.மீ. இணைப்பு என்றால் 20 முதல் 25 மி.மீ. கிரைண்டர் கொண்டு வெட்டினால் செங்கல் விளிம்பு போய், இணைப்பு அகன்று, சுவரின் முகமே மாறிவிடும். சுரண்டியபின் தூசியை ஊதி, நீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு சிமெண்ட் போல ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெல்ல இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்துவிட்டால் தூளாகும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ஈரம் நின்றபின் சுவர் உலரக் காத்திருக்க வேண்டும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது களத்தில் பயன்படும் பொதுக் கணக்கு, 225 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம். கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் ஒன்பது மாதம் காத்திருப்பதில்லை. எனவே கூரை வேலையை முதலிலேயே தனி ஒப்பந்தமாகச் செய்து முடித்துவிட வேண்டும். வரைபடமும் அனுமதியும் முடியும் மாதங்களில் சுவர் தானாக உலர்ந்துகொண்டிருக்கும். இந்த முன்யோசனை இல்லாத திட்டங்களில்தான் திறப்புவிழா முடிந்த முதல் வருடமே பூச்சு கொப்பளிக்கிறது.

சுமையும் குழாயும் மின்சாரமும்

வீட்டுக்குத் தளம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்கினால் போதும். கடைக்கும் கூட்டம் கூடும் இடத்துக்கும் 400 முதல் 500 கிலோ. எனவே மாடியில் வீடு என்பது பழைய மரத் தளத்துக்கு இதமானது. உணவகம், உடற்பயிற்சிக் கூடம், நூலக அடுக்கு என்றால் தளத்தைப் பலப்படுத்தும் செலவு கணக்கை மாற்றிவிடும்.

பிளம்பர்கள் செய்யும் கேடு வேறு ரகம். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்று கட்டையின் நடுவே ஆழமாக வெட்டுவார்கள். 200 மி.மீ. உயரக் கட்டையில் விளிம்பு வெட்டு 25 மி.மீ.க்கு மேலே போகக் கூடாது, அதுவும் தாங்குமுனைக்குப் பக்கத்தில் மட்டும். துளை 50 மி.மீ.க்கு மேல் கூடாது, கட்டை உயரத்தின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். எல்லாத் தளக் குளியலறையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே செங்குத்துக் குழாயைச் சுற்றி அமைந்தால் இந்தச் சண்டையே வராது.

மரத்தளத்துக்கு ஒரு மணிநேரத் தீத்தாங்கல் வேண்டுமென்றால், கீழிருந்து இரண்டு அடுக்கு தீத்தடுப்பு ஜிப்சம் பலகையும் கட்டைகளுக்கு நடுவே கனிமக் கம்பளியும் வழக்கமான தீர்வு. அலங்கார உட்கூரையைக் காப்பாற்ற வேண்டுமானால் பலகையை மேலிருந்து போட வேண்டும். தரைப்பலகையைக் கழற்றி எண் போட்டு அடுக்கி, திரும்பப் பொருத்தும் வேலை. எண் போட மறந்தால் பாதிப் பலகை பொருந்தாது.

திட்டத்தைத் தாமதப்படுத்துவதில் மின் இணைப்புக்கு முதலிடம். மூன்று தளத்துக்கு லிப்டும் ஏசியும் மின்அடுப்பும் வந்தால் தெருவின் பழைய டிரான்ஸ்பார்மர் தாங்காது. ஸ்பிரிங்க்ளர் (தீ பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) போட்டால் தெருவின் குடிநீர்க் குழாய் அழுத்தமும் போதாமல் போகலாம். இரண்டுக்கும் முதல் மாதமே விண்ணப்பம் போட வேண்டும். பழைய கட்டடத்தில் எதிர்பாராச் செலவுக்குப் பட்ஜெட்டில் 20 சதவீதம் ஒதுக்குவதே நியாயம்; சுவரையும் தரையையும் ஆங்காங்கே திறந்து பார்த்த பிறகு அதைக் குறைக்கலாம். திறக்காமலே 5 சதவீதம் போட்டுத் தருபவரை நம்ப வேண்டாம்.

கணக்கு ஒட்டாதபோது

இத்தனைக்கும் பிறகு பெரும்பாலான சிறு கட்டடங்களில் செலவு, சந்தை தரும் மதிப்பைவிட அதிகம். இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் பதிவுபெற்ற மரபுக் கட்டடத்தை வருமானம் தரும் கட்டடமாகப் புதுப்பித்தால் தகுதியான செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வருமான வரியில் கழிகிறது. 2017 சட்டத்துக்குப் பின் அதை ஐந்து ஆண்டுகளாகப் பிரித்தே எடுக்க முடியும். செலவு, கட்டடத்தின் கணக்குமதிப்பைத் (வாங்கிய விலையில் நிலத்தின் விலையும் தேய்மானமும் கழித்தது) தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சின்னச் சின்னப் பழுதுக்கு இது உதவாது. பிரிட்டனிலோ வரி எதிர்த்திசையில் இழுக்கிறது: புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம், இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கப் பொதுவாக 20 சதவீதம். இரண்டு வருடம் காலியாகக் கிடந்த வீட்டுக்கு 5 சதவீதச் சலுகை இருக்கிறது என்பது ஆறுதல்.

பணமே இல்லாமலும் கொஞ்சம் நகரலாம். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 1989 நிலநடுக்கமும், 1999-ல் மூடிய எஃகு ஆலையும் நகர மையத்தை வெறுமையாக்கின. 2008-ல் மார்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய அமைப்பு, காலிக் கடைகளைக் கலைஞர்களுக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் குத்தகையாக அல்லாமல் உரிமமாக, முப்பது நாள் அறிவிப்பில் திரும்பப் பெறும்படி வாங்கிக் கொடுத்தது. குத்தகை என்றால் உரிமையாளர் பயப்படுவார். குறைந்த வாடகை காகிதத்தில் ஏறினால் சொத்து மதிப்பும் இறங்கும். உரிமத்தில் அந்தப் பயம் இல்லை. நல்ல வாடகைக்காரர் வந்ததும் கட்டடம் திரும்பிப் போகும். இந்த வழி தரைத்தளத்துக்குத்தான் பொருந்தும். கூரை ஒழுகும் மாடிக்கு முப்பது நாள் உரிமத்தில் யாரும் செலவு செய்ய மாட்டார்கள்.

அமெரிக்காவில் 1977-ல் கேல்ஸ்பர்க், ஹாட் ஸ்பிரிங்ஸ், மேடிசன் என்ற மூன்று சிற்றூர்களில் தொடங்கிய ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்ற கடைத்தெரு மீட்பு முயற்சியில் கவனிக்க வேண்டியது, தெருவுக்கென்று ஒரு மேலாளரை நியமித்தது. உரிமையாளர் பத்துப் பேரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது எவருக்கும் துணைவேலையாக முடியாது. படிக்கட்டுப் பகிர்வு போன்றவை நடப்பது அந்த மேசையில்தான்.

தெரு எழுந்தபின் வரும் சிக்கல் வேறு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-ல் முடிந்தது. தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். காலியான கடைவீடுகளில் உண்ணக்கூடிய கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தவர்கள் சன்னலை அடைத்து உள்ளே ஈரத்தை ஏற்றினார்கள். மரமும் காரையும் கெடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகு குருவிகளை வெளியேற்றினார்கள். விடுதிகளும் உணவகங்களும் வந்தன, வாடகை ஏறியது.

இத்தாலியின் போலோனியா இதை முன்கூட்டியே யோசித்தது. பியர் லூயிஜி செர்வெல்லாத்தி முன்னின்ற 1973 திட்டத்தில், பழைய மையத்தின் வீடுகளை வகை வகையாகப் பிரித்து, அந்தந்த வகைக்கேற்ப மீட்டார்கள். வேலை நடக்கும்போது குடியிருப்பவர்களை அருகிலேயே தற்காலிக வீடுகளில் வைத்து, முடிந்ததும் அதே தெருவுக்குத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடும் செய்தார்கள். ஒரு தெருவை மீட்கத் திட்டமிடுபவர் முதல் வரைபடத்திலேயே இந்தத் தற்காலிக வீடுகளுக்கு இடம் குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த காலிக் கட்டடத்தைத்தான் முதலில் சீர்படுத்த வேண்டும். மற்றவை அதற்குப் பின் ஒன்றொன்றாக.

வேலை முடிந்து எல்லோரும் குடிவந்தபின் ஒரு கணக்குப் புத்தகம் தேவை. வருடத்துக்கு இரண்டு முறை கூரைப் பள்ளத்தில் இலையும் குப்பையும் அள்ள வேண்டும், மழைநீர்க் குழாய்களை மேலிருந்து தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும், கரையான் பொறிகளைப் பார்க்க வேண்டும். தளவாரியாகப் பிரித்து விற்ற கட்டடத்தில் கூரை யாருடையது என்று கேட்டால் மேல்தளத்தவரைக் கைகாட்டுவார்கள். அதற்கான மாதச் சந்தாவை வீடு ஒப்படைக்கும் பத்திரத்திலேயே எழுதி, முதல் வருடத் தொகையை முன்பணமாக வாங்கி வைத்துவிட வேண்டும்.